கடைசியாக எடுக்கிறவன்

வெண்ணெய் டின்னுக்குள் ஆறு பீர் மூடிகள் உருளும் சத்தம், தகரக் கூரையில் மழையின் முதல் துளிகள் விழுவது போல இருக்கும். அதைக் கேட்டதும் எங்கள் பக்கத்துக் கரும்புக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஃபிஜியில் ரராவாய் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பிய ஆறு தோட்டக்காரர்கள் சேர்ந்ததுதான் எங்கள் "கேங்கு". யார் தோட்டத்தை முதலில் வெட்டுவது என்று வருடா வருடம் குலுக்கிப் பார்ப்பார்கள். மூடிகளில் ஆணியால் ஒன்று முதல் ஆறு வரை கீறியிருக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும், எடுத்தது திரும்ப உள்ளே போகாது. இன்னொரு சட்டமும் உண்டு: சொந்தக்காரன் கத்தியோடு வந்து நிற்காத தோட்டத்தைக் கேங்கு தொடாது.

பட்டாளம் அரசாங்கத்தைப் பிடித்த அந்த வருடம் எனக்கு மீசை அரும்புகிற வயது. நம்மவர்கள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடையில் ஒருவர் புதுப் பூட்டு வாங்கினால்கூட "எங்கே பயணம்?" என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், உண்மையாகப் பயணம் போகிறவன் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். என் அம்மா வாங்கிய பெட்டியைக் கோழித் தீவனச் சாக்குக்குள் மறைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதில் தவிட்டு வாசம் ரொம்ப நாள் போகவில்லை. கனடாவில் இருந்த மாமா எங்கள் நால்வருக்கும், அப்பா, அம்மா, அக்கா, எனக்கு, அங்கே குடியேறத் தாள் எடுத்திருந்தார். வருடம் முடிவதற்குள் போய் இறங்கவேண்டும். எங்கள் கரும்பு முன்னால் வெட்டுப்பட்டால் சேர்ந்து போகலாம். கடைசி என்றால் கிறிஸ்மஸ் தாண்டிவிடும். நட்டதை நிற்கவிட்டுப் போகிறவன் விவசாயியே இல்லை என்பது அப்பாவின் பிடிவாதம்.

"போன வருஷம் ஆறு, அதுக்கு முந்தியும் ஆறு. மூணாவது வாட்டியும் ஆறா வரும்? இந்த வாட்டி நல்ல நம்பர்தான்" என்றார் அப்பா.

"எல்லா மூடியும் மறுபடி உள்ள போயிட்டா அது புது டின்னுங்க. போன வருஷம் என்னா நடந்துச்சின்னு அதுக்குத் தெரியுமா?" என்றாள் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா.

"சாமிக்குத் தெரியும்டி."

"அப்ப சாமியவே கத்தி எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."

கேங்குக்குத் தலைவர் முனிசாமி சர்தார். அவர் வீட்டு மாமரத்தடியில் "நங்கோனா" வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கி ஆளுக்கொரு கிண்ணம் குடித்த பிறகு டின் வந்தது. சர்தார்மேல் அப்பாவுக்கு எப்போதும் நம்பிக்கை கிடையாது. "நான் கடைசியா எடுக்கறேன்" என்றார். மற்ற ஐவரில் ஒருவன் ஆறைக் கொண்டுபோய்விடுவான் என்பது அவர் கணக்கு.

"என்னாப்பா, மாப்ள மாதிரி கடைசில வர்றே?" என்று சர்தார் சிரித்தார்.

நான்கு வந்தது. இரண்டு வந்தது. ஐந்து, மூன்று. போன வருடங்கள் அந்த டின்னைத் தொடவே இல்லை, ஆனால் அன்று வெளியே வந்த ஒவ்வொரு மூடியும் உள்ளே இருந்ததை மாற்றிக்கொண்டே போனது. ஆறில் ஒன்றாக இருந்த ஆபத்து, பக்கத்துத் தோட்டத்து ராஜு எழுந்தபோது இரண்டில் ஒன்றாகிவிட்டது. மிச்சம் ஒன்றும் ஆறும்தான். ராஜு கையை விட்டு, கொஞ்ச நேரம் துழாவி, ஒன்றாம் நம்பரை எடுத்தார். அப்பா கையை விடவில்லை. டின்னைக் கவிழ்த்தார், ஆறு விழுந்தது.

"தடவிப் பாத்துதானே எடுத்தே? கீறல் கைக்குத் தெரியும்."

"தடவாம எப்படிண்ணே எடுக்கறது, மூக்காலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி போட்டு எடுக்கலாம் என்று அப்பா கேட்டார். நல்ல நம்பர் கிடைத்தவன் எவன் திரும்பப் போடுவான்?

வீட்டில் அம்மா மன்றாடினாள். "நாம போறோம்னு ராஜுகிட்ட சொல்லுங்க, மாத்திக் குடுப்பாரு."

"சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். அவனும் சர்தாரும் ஒண்ணு."

அப்பா கடைசிவரை ராஜுவிடம் கேட்கவில்லை. ராஜுவின் கரும்பு முதலில் வெட்டுப்பட்டது. சில நாள் கழித்து ஒரு காலையில் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு கனடா போய்விட்டார்கள். "பாத்தியா?" என்றார் அப்பா. ஒரு கத்தி குறைந்ததால் பின்னால் இருந்த தோட்டமெல்லாம் இன்னும் தள்ளிப்போனது. அம்மாவும் அக்காவும் விமானம் ஏறினார்கள். அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் நான் கத்தியோடு நின்றுவிட்டேன். எங்கள் கரும்பு ஆலைக்குப் போனபோது எங்கள் இரண்டு தாளும் செல்லாமல் போயிருந்தன. மாமா மறுபடி முயன்றும் ஆகவில்லை. அப்பா இங்கேயே செத்தார், அம்மா அங்கே.

குத்தகை முடிந்த அந்த ஆறு தோட்டங்களிலும் இப்போது புல்தான். யாரோ குதிரை கட்டியிருக்கிறார்கள். தமிழில் சண்டை போடக்கூட ஆள் கிடையாது. அக்கா போனில் ஹிந்தியில்தான் பேசுகிறாள். அங்கே கோயிலில் ராஜுவைப் பார்த்தாளாம். "உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நம்பரைக் குடுத்திருப்பேனே, எனக்கு அப்ப ஒரு அவசரமும் இல்லியே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பாவம் என்கிறாள் அக்கா. நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். ஆனால் அவர்கள் போன அன்று காலை, அந்த வீட்டு அடுப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவன் நான். சட்டித் தண்ணீரில் அரிசி ஊறிக் கிடந்தது. அவசரமில்லாதவன் அரிசியை ஊறப்போட்டுவிட்டுப் போவானா?