சோளகத்துக்குப் புள்ளி இல்ல

ஏ.எல்லுக்கு மெத்ஸ் எடுத்தது முழுக்க என்ர வாய்க்கொழுப்பு. எங்கட மீன்பிடி ஊர் பேசாலையில ஆக்கள் "உனக்கு ஏலுமோ?" எண்டு கேக்க, ஏலும் எண்டிட்டன். பிறகு வகையீடு வந்துது, முதலாந் தவணை ஃபெயில். மெத்ஸ் சேர் கூப்பிட்டு, "அடுத்த தவணை எஸ்ஸாவது, அந்தக் கடைசிப் பாஸாவது எடுக்காட்டி ஆர்ட்ஸுக்கு மாறுங்கோ தம்பி" எண்டார். பகிடி இல்ல, ஆள் சீரியஸ்.

விழுந்து விழுந்து படிச்சன். பக்கத்துக் கதிரைக்காரன் உப்புக்குளத்துப் பொடியன், அவன்ர வாப்பாக்கு டவுனில புடவைக்கடை. பஸ் ஸ்டாண்டில நிண்டு எனக்கு விளங்கப்படுத்தினது அவன்தான். "வளைவு ஏறி இறங்கிற உச்சியில சரிவு பூச்சியம் மச்சான். அந்தச் சரிவுதான் பெறுதி, அதப் பூச்சியமாக்கு, எக்ஸைப் பிடி, வீட்ட போ. அவ்வளவுதான்."

சோதினையில பெரிய கேள்வி இதுதான்: கடல்ல ஒருத்தன் வள்ளத்தில நிக்கிறான். கரையோரமா கொஞ்சம் தள்ளி அவன்ர வீடு. துடுப்பு வலிக்கிற வேகம் இவ்வளவு, நடக்கிற வேகம் இவ்வளவு. கரையில எங்க இறங்கினா கெதியா வீட்ட போகலாம்?

எனக்கெண்டே போட்ட கேள்வி! ஆனா அது சோளகக் காலம். அந்தக் காத்து எங்கட கரையில வள்ளத்த வெளியாலதான் தள்ளும். அத விட்டிட்டு என்னெண்டு கணக்குச் செய்யிறது? காத்துக்கு ஒரு எழுத்துப் போட்டன், நீரோட்டத்துக்கு இன்னொண்டு. பெறுதி எடுத்தா பேய் மாதிரி ஒண்டு வருது. பூச்சியத்துக்குச் சமன் போட்டும் எக்ஸ் அம்பிடேல்ல. மணி அடிச்சிட்டாங்கள்.

வெளியால வந்து சொல்ல, உப்புக்குளத்தான் தலையில கைய வச்சான்.

"கேள்விய வாசிச்சியாடா, கடல வாசிச்சியாடா?"

"காத்தில்லாத கடல் எங்கயடா இருக்கு?"

"பேப்பரில இருக்கு, விசரா!"

ஆர்ட்ஸ்தான் எண்டு முடிவு கட்டிட்டன். அடுத்த கிழமை சேர் என்ர பேப்பரத் தூக்கிப் பிடிச்சார். "கேள்வியில காத்து எங்க தம்பி இருக்கு?"

"கேள்வியில இல்ல சேர். பேசாலையில இருக்கு."

வகுப்பே விழுந்து சிரிச்சுது. சேர் மீசைக்குள்ள அடக்கினார். "விடைக்கு ஒண்டும் இல்ல. ஆனா நேரத்துக்குச் சமன்பாடு எழுதி, வகையிட்டு, பூச்சியமாக்கின முறை சரி. அதுக்குப் புள்ளி போட்டிருக்கு. இனி காத்த வீட்ட விட்டிட்டு வாங்கோ."

அந்தப் புள்ளியிலதான் எஸ் மயிரிழையில வந்துது.

பின்னேரம் பஸ்ஸுக்கு நிக்கேக்க உப்புக்குளத்தான் விடேல்ல, காத்தில்லாம அதே கணக்கத் திருப்பிச் செய்விச்சான். நாலைஞ்சு வரியில எக்ஸ் வந்து குந்திச்சுது. சப்பெண்ட கடல்தான். பரவாயில்ல, நான் இன்னும் மெத்ஸ்.