சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

என் கணவருக்கு டி.பி. வந்ததே இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துப்போயிற்று.

முதுகுவலி, மூச்சு வாங்குகிறது என்று ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. முதலில் பார்த்த டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பேனாவால் தட்டி, எப்போதோ வந்த டி.பி.யின் தழும்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். டாக்டருக்கு ஒன்றுமில்லைதான்.

தொம்மலூரில் எங்களோடு இருந்த நாத்தனாருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மறுநாளே தம்பியின் டம்ளரில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. அதைத் தனியாகக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தார். கூடப்பிறந்தவள் செய்கிற வேலையா இது? நான் குதித்தேன். என் கணவரோ, "விடும்மா, டம்ளர் மாறினா காபி மாறிடுமா?" என்றார்.

வலி தாங்க முடியாமல் போனபோது வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். தழும்பு இல்லையாம், புற்றுநோயாம். எலும்பில் வருகிற வகை. எலும்பே இல்லாத அந்த உறையில் உட்கார்ந்துகொண்டு எலும்பு கட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப அபூர்வம் என்று சொல்லி, பெரிய டாக்டர் மற்ற டாக்டர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபரேஷன் செய்கிற கட்டம் அதற்குள் தாண்டிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், இது யாருக்கும் ஒட்டாது என்று நாத்தனாரிடம் சொன்னேன்.

"டாக்டருங்களே இதுவரைக்கும் பாத்ததில்லேங்கறாங்க. ஒட்டாதுன்னு மட்டும் எப்படித் தெரியும்?" என்றார்.

நான் பிடிவாதமாக வேறு டம்ளரில் காபி கொடுத்தால் இவரே மாற்றித் தரச் சொல்வார். அக்கா பயப்படுகிறாளாம். சாகப்போகிறவர் அக்காவின் பயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை அந்த டம்ளர்தான்.

காரியத்தன்று அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, பிடித்ததையெல்லாம் படைத்தோம். ஆனேக்கல்லிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். நாத்தனார் அழுதுகொண்டே காபி கொண்டுவந்து வைத்தார். பார்த்தேன். அதே சிவப்புப் பொட்டு.

"இனிமே யாருக்கு ஒட்டப்போவுது அண்ணி?" என்று கேட்டேன்.

நான் அந்த டம்ளரை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும், வாய் வைத்துக் குடித்தேன்.