ஸபுர் நானாவின் முதல் தோல்வி

வத்தேகம கடைவீதியில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் இப்திகாருக்கு ஊர் வைத்த பெயர் ஸபுர் நானா. யார் எந்தக் குறையோடு வந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "ஸபுர் செய்யுங்க" என்பதுதான். பொறுமையாக இருங்கள் என்று அர்த்தம்; நானா என்றால் அண்ணன். மாமியாரைப் பற்றி முறையிடும் மருமகளுக்கும் அந்த மருந்துதான், பாடசாலை தொடங்கி இரண்டே வாரத்தில் அடி கழன்ற சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வரும் தகப்பனுக்கும் அந்த மருந்துதான். தகப்பனுக்கு மட்டும் கூடவே ஒரு புதுச் சோடியும் கிடைக்கும். அதையும் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

அறுபத்திரண்டு வயதில் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபமே வராத மனிதரா என்றால் அதுவும் இல்லை. கோபம் வந்தால் கடையின் பின்னறைக்குப் போய், சப்பாத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, மறுபடியும் அடுக்குவார். மாடியில் சமைத்துக்கொண்டிருக்கும் மனைவி மஸாஹிரா, பெட்டிகள் விழும் சத்தத்தை வைத்தே கோபத்தின் அளவைச் சொல்லிவிடுவார்.

இந்தப் பொறுமைக்கு ஒரு காரணம் இருந்தது. கண்டிப் பக்கம் முஸ்லிம் கடைகளைக் குறிவைத்துக் கலவரம் நடந்த அந்த மார்ச் மாதத்தில், அவருடைய கடையின் முன்பக்கக் கண்ணாடி முழுவதையும் கல்லால் அடித்து நொறுக்கினார்கள். மாடி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த இப்திகாருக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு முகம் தெரிந்தது. பஸ் நடத்துனர் ஒருவர். ஒவ்வொரு ஜனவரியும் இரண்டு மகள்மாரையும் கூட்டிவந்து அவரிடமே சப்பாத்து வாங்குகிறவர். பொலிஸ் வந்து கேட்டபோது இப்திகார் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரின் பெயரை இன்றுவரை அவர் வெளியில் விட்டதில்லை. அவர் சொல்லாத பெயரை நாம் ஏன் சொல்ல வேண்டும்?

மூன்று வாரம் கழித்துப் புதுக் கண்ணாடி லொறியில் வந்து இறங்கியது. அப்போது அந்த நடத்துனர் தன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். விளிம்பு உள்ளங்கையைக் கிழித்து இரத்தம் வடிந்தும், கண்ணாடி சட்டத்துக்குள் சரியாக உட்காரும் வரை அவர் கையை எடுக்கவில்லை. பிறகு கையைக் கழுவினார், மஸாஹிரா கீழே அனுப்பிய பிளேன்டீயைக் குடித்தார், போய்விட்டார். அடுத்த ஜனவரி வழக்கம்போல மகள்மாரோடு வந்தார். அந்த நாளைப் பற்றி இருவரும் ஒருபோதும் பேசியதில்லை.

தீமையோடு மல்லுக்கட்டக் கூடாது, பொறுத்தால் அது தானாகவே கரைந்துவிடும் என்ற முடிவுக்கு இப்திகார் அன்றைக்கே வந்துவிட்டார். பள்ளிவாசல் பயானில், பிரசங்கத்தில், கேட்டதை நம்பியிருந்தால் பிற்பாடு சந்தேகமாவது வந்திருக்கும். இது கண்ணால் கண்டது.

பெயரில்லாமல் கதை மட்டும் எப்படியோ ஊருக்குள் பரவி, அவரை மத்தியஸ்த சபையில் சேர்த்தார்கள். எல்லைத் தகராறு, வாய்ச்சண்டை, கைகலப்பு போன்ற சில்லறைப் பிணக்குகள் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. முதலில் இந்தச் சபைக்கு வர வேண்டும். சனிக்கிழமைகளில் ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடுவார்கள். இரு தரப்பும் பட்டியலைப் பார்த்து ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யும். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைமைக்கு எடுப்பார்கள். பேச்சு சரிவந்தால் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். சரிவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அது கையில் இருந்தால்தான் நீதிமன்றப் படியேற முடியும்.

ஆறு வருடத்தில் இப்திகார் அப்படி ஒரு சான்றிதழிலும் கையெழுத்து வைத்ததில்லை. அவர் உட்கார்ந்த வழக்குக் கோவைகள் அத்தனையும் சமாதானத்தில் முடிந்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெருமை கூடாது என்று தெரிந்த மனிதர் என்பதால், அதை வெளியில் காட்டாமல் உள்ளுக்குள்ளேயே வைத்து வளர்த்துவந்தார்.

பரிமளத்தின் கோவையும் அப்படித்தான் முடிந்தது, மூன்று தடவை.

பரிமளம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வெளியே வந்து, பத்துப் பேர்ச் காணி வாங்கி வீடு கட்டியவள். புருஷன் கொழும்பில் வேலை. அவள் போஞ்சியும் கறிமிளகாயும் போட்டு வத்தேகம சந்தையில் விற்பாள். மேல்காணி கணபதியுடையது. ஒரு லொறியும் ஒரு முச்சக்கரவண்டியும் வைத்திருப்பவன். முதலில் அவன் கட்டிய மதில் அவள் காணிக்குள் இரண்டடி வந்துவிட்டது. கட்டிய மதிலை இடிப்பதா, ஸபுர் செய்யுங்க என்று இப்திகார் அவளைச் சம்மதிக்க வைத்தார். பதிலுக்குக் கணபதி வேலி போட்டுத் தருவதாக எழுதினார்கள். வேலி வரவில்லை. அடுத்து வண்டி திருப்ப இடமில்லை என்று போஞ்சிப் பாத்தியின் மேலேயே வழி எடுத்தான். அயலவர்தானே என்று அதற்கும் ஓர் உடன்படிக்கை. மூன்றாவது, தண்ணீர். மலை ஊற்றிலிருந்து அவள் வீட்டுக்கு வரும் குழாய் அவன் காணி வழியாகத்தான் வரும். அதை வெட்டித் தன் தொட்டிக்குத் திருப்பிவிட்டான். காலையில் இரண்டு மணித்தியாலம் திறந்துவிடுவான் என்று இப்திகார் பேசி முடித்தார். முதலில் மனசு ஒன்று சேரட்டும், மற்றதெல்லாம் போகப் போகச் சரியாகும் என்று மூன்று தடவையும் அவர் சொன்னார். பரிமளம் மூன்று தடவையும் தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் கணபதி கடைக்கு வந்து, பேரம் பேசாமல் இரண்டு சோடி சப்பாத்து வாங்கினான். நானாவைப் போன்ற மனிதர்கள் இருப்பதால்தான் ஊரில் நிம்மதியாக வாழ முடிகிறது என்று வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனான். இப்திகாருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. பகல் சாப்பாட்டில் அதை மனைவியிடம் சொன்னார்.

மஸாஹிரா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நன்றி சொன்ன கணபதிதான். அந்தப் பொம்புள வந்தாவா?"

இப்திகார் யோசித்துப் பார்த்தார். பரிமளம் முன்பெல்லாம் சந்தைக்கு வந்தால் கடை வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். முதல் தடவை சபையில் அவர் பெயரைச் சொன்னதே அவள்தான். இப்போது எதிர்ப்பக்க நடைபாதையால் போகிறாள்.

"ஒங்கட கண்ணாடிய நீங்க மன்னிச்ச. அது ஒங்கட சாமான்," என்றார் மஸாஹிரா. "அந்தப் பொம்புளட தண்ணிய மன்னிச்சிக் குடுக்க ஒங்களுக்கு யார் சொன்ன?"

அன்று பின்னேரம் பெட்டிகள் வெகுநேரம் விழுந்தன. மனைவி தன்னை விளங்கிக்கொள்ளவில்லை என்பது அவருடைய எண்ணம்.

நான்காவது தடவை பரிமளம் வலது மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். அந்த இரண்டு மணித்தியாலத் தண்ணீரும் நின்றுபோய்ப் பத்து நாள். தானே மேலே ஏறிப்போய்க் குழாயைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். கணபதி கையை முறுக்கிக் கீழே தள்ளிவிட்டான். பொலிஸ் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு, கோவையைச் சபைக்கு அனுப்பியிருந்தது.

பட்டியலை வாசித்ததும், தெரிந்த கடையில் தேத்தண்ணி சொல்கிறவனைப் போலக் கணபதி உடனே சொன்னான், இப்திகார் நானா என்று. பரிமளத்திடம் கேட்டார்கள். இவரைத் தவிர யாராக இருந்தாலும் சரி என்றாள். எதிர்த்தரப்பின் தெரிவைத் தடுக்க முடியாது, ஆனாலும் அவர் ஏதும் தப்பாக நடந்தாரா என்று சபையின் தலைவர் விசாரித்தார்.

"தப்பு ஒண்ணும் இல்லைங்க. இவரு நல்லவரு. அதுனாலதான் வேணாங்கிறேன்," என்றாள் பரிமளம். "இவரு பேசுனா எனக்கே வெக்கமாப் போயிருதுங்க. நான் கேட்டதுதான் தப்போன்னு தோணிரும். கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயி, தண்ணிக் கேனைத் தூக்கும்போதுதான் தெரியும், தப்பில்லைன்னு."

 இப்திகாருக்கு முகம் சுட்டது. கடையை உடைத்த நாளில்கூட அவருக்கு இப்படி இருந்ததில்லை. அன்று மற்றவர்கள் செய்ததைத்தான் பார்த்தார்.

பரிமளம் ஜஹானா டீச்சரைத் தெரிவு செய்தாள். ஓய்வுபெற்ற தோட்டக் கிளார்க் செல்லச்சாமியைத் தலைமைக்கு எடுத்தார்கள். பேச்சு தொடங்கியதுமே கணபதி கதிரையை விட்டு எழுந்து கைகூப்பினான். தான் செய்தது தப்பு, மருந்துச் செலவைத் தருகிறேன், தங்கச்சி காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன் என்றான். அவன் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பொய்த் தண்ணீர் என்று சொல்ல முடியாது. அழுகிற நேரத்தில் மனிதன் உண்மையாகவே அழுகிறான்.

இப்திகாரின் நாக்கு நுனிக்கு அந்தப் பழைய சொல் வந்துவிட்டது. பரிமளத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்தவளைப் போல, மேசையில் கிடந்த பேனையை இடது கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போடாத கை அதுதான்.

அந்தப் பேனையைப் பார்த்தபோதுதான் அவருக்கு விளங்கியது. இத்தனை நாளும் பொறுத்தது தான்தான் என்று நினைத்திருந்தார். அவர் பொறுக்கச் சொன்னதையெல்லாம் இருபது லீற்றர் கேன்களில் மலையேற்றிச் சுமந்தவள் இவள்.

"கணபதி, தண்ணிய எப்ப பழைய மாதிரி விடுவீங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாம் நானா. மொதல்ல மனசு ஒண்ணு சேரட்டும்."

தன்னுடைய வார்த்தையே இன்னொருவன் வாயிலிருந்து வந்து காதில் விழுந்தபோது இப்திகார் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நடத்துனர் நினைவுக்கு வந்தார். அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை, அழுததுமில்லை. உடைத்த கண்ணாடி மறுபடி சட்டத்தில் நிற்கும் வரை கையை எடுக்கவில்லை, அவ்வளவுதான். இங்கே எல்லாம் இருந்தது, கைகூப்பு இருந்தது, கண்ணீர் இருந்தது. தண்ணீர் மட்டும் கணபதியின் தொட்டியிலேயே இருந்தது.

"இது சேரல்ல," என்றார் செல்லச்சாமியிடம். "சான்றிதழ எழுதுங்க."

செல்லச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். ஜஹானா டீச்சர் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். கணபதிக்குத்தான் நம்ப முடியவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரனைக் கோர்ட்டு வரைக்கும் இழுத்து விடுறது நல்லவங்க செய்ற வேலையா நானா?"

 தெரியாது என்றுதான் இப்திகார் சொன்னார். சொல்லிவிட்டு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்தார்.

பரிமளம் நன்றி சொல்லவில்லை. சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் அவரைக் கடக்கும்போது நின்றாள்.

"அந்த மூணு கடுதாசியும் அவருகிட்ட இருக்கு மொதலாளி. மூணுலயும் நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

குற்றம்சாட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. அதனால் இன்னும் வலித்தது. மதிலுக்குப் போன இரண்டடியும், பாத்தியின் மேல் போன வழியும் அவள் சம்மதித்துக் கொடுத்தவை என்று நாளைக்கு நீதிமன்றத்தில் அந்தக் கடுதாசிகளை நீட்டுவான் கணபதி. அவற்றின் அடியில் இப்திகாரின் அழகான கையெழுத்தும் இருக்கும்.

வீட்டுக்கு வந்து, ஒன்று சேராமல் போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னார். மஸாஹிரா அடுப்பைப் பார்த்தபடியே அல்ஹம்துலில்லாஹ் என்றார். பின்னேரம் பெட்டிகள் விழும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை கோபம் யார் மேல் என்று மஸாஹிராவுக்குத் தெரியும். அதனால் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

இப்திகார் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். நடத்துனரைக் காட்டிக்கொடுக்காததற்காக அவர் இன்றும் வருந்தவில்லை. நாளை மறுபடி கண்ணாடி உடைந்தாலும் அப்படியே செய்வார். சபையிலும் இருக்கிறார். ஆனால் வருகிறவர்களிடம் ஸபுர் செய்யச் சொல்லும் முன், எடுத்ததைத் திருப்பி வைத்தாயிற்றா என்று ஒரு கேள்வி கேட்கிறார். அதன் பிறகு இன்னும் இரண்டு சான்றிதழ்களில் கையெழுத்து வைத்துவிட்டார். பழைய பெயர் கெட்டுவிட்டதாக ஊரில் சிலருக்கு வருத்தம்.

கண்டி நீதிமன்றத்தில் பரிமளத்தின் வழக்கு எடுக்கப்பட்ட நாள் ஒரு புதன்கிழமை. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு இப்திகார் முதல் பஸ்ஸிலேயே போனார். அவரை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அங்கே அவருக்கு வாய் திறக்க வேலையுமில்லை. வெளி விறாந்தையில் ஒரு பக்கத்து வாங்குப் பலகையில் கணபதி தன் சட்டத்தரணியோடு இருந்தான். மடியில் மூன்று கடுதாசிகள். நானா என்று இடம் காட்டினான். இப்திகார் தலையசைத்துவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

பரிமளம் தனியாக இருந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"இங்கயும் சமாதானம் பேச வந்தீங்களா மொதலாளி?"

"பேச வரல்ல தங்கச்சி. பக்கத்துல இரிக்க வந்த."

பரிமளம் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். கணபதி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாங்கில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்திகார் உட்கார்ந்தார்.