பருப்பு வேகாத வீடு

எங்கள் சமையலறைப் பரணில் ஓர் எவர்சில்வர் பானை இருக்கிறது. அதன் உட்பக்கம் முழுவதும் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளைப் படிவு. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். பாத்திரத்தில் சின்னக் கறை தெரிந்தாலும் தூக்கம் வராத அம்மா, இந்தப் பானையை மட்டும் யாரையும் தேய்க்க விடுவதில்லை.

அண்ணனுக்குக் கல்யாணமான வருஷம் ஓடைப்பட்டியில் எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றிப்போனது. திராட்சைக் கொடிகள் வாடுவதைப் பொறுக்காமல் அப்பா போர் போட்டார். வெகு ஆழத்தில் கிடைத்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தம்ளரில் பிடித்துக் காட்டிப் பெருமைப்படுவார். அதிலிருந்தே வீட்டுக்கும் குழாய் வந்தது. அதே வாரம் கம்பத்திலிருந்து மதினியும் மருமகளாக வந்தாள்.

புது மருமகள் தன் கையால் பங்காளிகளுக்குப் பருப்புச் சோறு போடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு குக்கர் விசிலடித்து ஓய்ந்ததே தவிர பருப்பு மசியவில்லை. நறநறவென்று வாயில் கடிபட்டது. "கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல," என்று பெரியம்மா இலையை மூடினாள். பிறகு சோப்பு நுரைக்காததும், எல்லோருக்கும் முடி கொட்டியதும் மதினியின் தலையிலேயே விடிந்தன. அவள் வருவதற்கு முன் இப்படி எதுவும் நடந்ததில்லை என்பது உண்மைதானே!

"விருந்துக்கு வந்தவுக என்ன நெனச்சாக? கொஞ்ச நாள் அவ அங்கன போய் இருக்கட்டும்லே," என்று அம்மா அண்ணனிடம் சொன்னாள். புதுப்பெண்ணைக் கொஞ்ச நாள் என்று தாய்வீட்டுக்கு அனுப்பினால் அது எதில் போய் முடியும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவன்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

மதினி அழவில்லை. அவள் வேதியியல் படித்தவள்; படிப்பைவிடத் துணிச்சல் ஒரு பிடி கூட. "போறேன் அத்தை. அதுக்கு முன்னாடி ஒரு பானைப் பருப்பு நீங்க வைங்க, அதுல என் கை படாது. இன்னொண்ணு நான் வைக்கிறேன். பெரியம்மாவையும் கூப்பிடுங்க," என்றாள்.

அன்று சாயங்காலமே அந்த எவர்சில்வர் பானையில் போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத் தெளியவிட்டாள். மறுநாள் மேல் தெளிவை மட்டும் இறுத்து அதில் பருப்பைப் போட்டாள். அம்மா குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றினாள். ஒரே பருப்பு, பக்கத்துப் பக்கத்து அடுப்பு. அம்மாவின் பருப்பு கடைசிவரை முரண்டு பிடித்தது. மதினியின் பருப்பு மத்து பட்டதும் மசிந்தது. பெரியம்மா இரண்டையும் விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

மதினி பானையின் அடியில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டிக் காட்டினாள். "பாறைக்குள்ள கெடந்து சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டு வருது அத்தை. பருப்பை இறுக்கிப் பிடிக்கிறதும் அதுதான், சோப்பை நுரைக்க விடாததும் அதுதான். கொதிச்சா பாதி கீழ எறங்கிரும். இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது நான் மட்டுமில்ல, தண்ணியுந்தான்."

தெளிந்த தண்ணீரில் ஒன்றும் இருக்காது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். பட்டதையெல்லாம் தனக்குள் கரைத்துக்கொண்டு ஒன்றுமறியாததுபோல் நிற்பது அதன் குணம். அம்மா மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கம்பம் போகும் பேச்சை அதன்பின் எடுக்கவும் இல்லை. தினமும் சாயங்காலம் அவளே தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அந்தப் பானையில் படிவு ஏறியது அப்படித்தான்.

இப்போது சமையலுக்குச் சுத்திகரிக்கும் மெஷின் இருக்கிறது. குளிக்க மட்டும் போர் தண்ணீர். போன மாதம் வடுகபட்டியிலிருந்து தம்பி மனைவி புது மருமகளாக வந்தாள். சீப்பு நிறைய முடி வருகிறது என்று அவள் சொன்னதைக் கேட்டு, "வந்த வேளை அப்பிடி," என்று பெரியம்மா ஆரம்பித்தாள். அம்மா, இந்த வயதில், ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பானையை இறக்கிப் பெரியம்மாவின் மடியில் வைத்தாள்.

"மொதல்ல இதுக்குள்ள பாருங்கக்கா. புள்ளையப் பெறகு பாக்கலாம்."

அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்த மதினியின் மத்து ஒரு கணம் நின்றது.