மாமனாரின் சோதனைத் தாள்

நான் கொடுத்தனுப்பிய மெமரி கார்டில் எதுவுமே இல்லை. அதைத் தன் பழைய கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுது மாப்ள, ஒரு குறையும் சொல்லதுக்கில்ல" என்று என் மாமனார் போனில் சொன்னார். அவர் அப்படிச் சொன்னபோது நான் தென்காசியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தேன். அந்தக் கார்டில் ஏற்றியிருக்க வேண்டிய மென்பொருள் கோப்பு என் லேப்டாப்பிலேயே கிடப்பதை அப்போதுதான் கவனித்தேன். இதற்கு முந்தின இரண்டு பதிப்புகளைப் பற்றியும் அவர் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார். அதை நம்பி அந்த இரண்டையும் வெளியே விட்டு, முகம் தெரியாத பத்துப் பேரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டது எதற்காக என்று சொல்லிவிடுகிறேன். சோறு போடும் வேலை வேறு. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறேன். இது சொந்தப் பைத்தியம். எண்பதுகளில் டிவியோடு இணைத்துப் பயன்படுத்திய சின்னக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. கீபோர்டுக்குள்ளேயே மொத்தமும் அடங்கியிருக்கும். அவற்றை இன்றும் துடைத்துப் பொட்டு வைத்துப் பாதுகாக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு டெர்மினல் மென்பொருள். அந்தப் பழைய பெட்டியில் தட்டும் எழுத்து வைஃபை வழியாக வேறொரு கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும், அங்கிருந்து வரும் பதில் இங்கே டிவியில் தெரிய வேண்டும். அவ்வளவுதான். ஆனால் என்னிடம் நிஜ இயந்திரம் கிடையாது. லேப்டாப்பில் அதைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு போலி இயந்திரம்தான் இருந்தது. போலியில் எல்லாம் ஒழுங்காக ஓடும், நிஜத்தில் பல்லைக் காட்டும். நிஜம் இலஞ்சியில் என் மாமனார் வீட்டு முன்னறையில் இருந்தது.

அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து தன் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்து, பிள்ளைகள் சீந்தாமல், கடைசியில் தம்பி கைக்கு வந்து சேர்ந்த பெட்டி அது. மாமனார் தொலைபேசி நிலையத்தில் பழுதுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கம்ப்யூட்டரைத் திறந்து, கெட்டுப்போன பாகங்களை மாற்றி, சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, ஏறக்குறைய நாற்பது வருஷமாக ஓடும் நிலையில் வைத்திருந்தார். எனக்குப் பெண் கொடுத்தவரிடம் இப்படி ஒரு பெட்டி இருந்தது என் பெரிய அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று போனை வைத்ததும் கீழே இறங்கிப் போய் என் மனைவியிடம் கத்தினேன். இலஞ்சிக்குப் போகும்போதெல்லாம் கார்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான். அதைத் தவிர இதில் அவளுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் கத்துவதற்கு அவள்தான் கையெட்டும் தூரத்தில் இருந்தாள். கார்டு காலி என்றால் காலி என்று சொல்லித் தொலைய வேண்டியதுதானே என்று நான் கேட்டபோது, அவள் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "அத எப்படிச் சொல்லுவாவ? மாப்ள கொடுத்துவிட்டதுல ஒண்ணுமே இல்லன்னு அப்பா வாயால சொல்லுவாவளா? நீங்க எங்க வீட்டுச் சொதியப் பத்தி எப்பவாச்சும் வாயத் தெறந்திருக்கீங்களா?"

சொதி எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு மறுவீட்டில் ஆக்கிப் போடும் தேங்காய்ப்பால் குழம்பு. எனக்குத் தேங்காய்ப்பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக, "இன்னொரு கரண்டி ஊத்துதேன்" என்று அத்தை வரும்போதெல்லாம் ஊற்றிக்கொண்டு, சாயங்காலம் அவஸ்தைப்பட்டிருக்கிறேன். நான் அவர்கள் சமையலைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். இந்த ஏற்பாட்டில் இரண்டு குடும்பமும் சண்டையில்லாமல் இருந்தன. ஆனால் இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு மென்பொருளைச் சோதிக்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கார்டோடு போனேன். மாமனார் எழுந்து நின்று, "வாங்க மாப்ள" என்று நாற்காலியை எனக்குத் தள்ளினார். நிரல் ஓடியது. திரை நிறைந்து மேலே நகரும் ஒவ்வொரு தடவையும், அடுத்த வரியின் முதல் எழுத்து காணாமல் போனது. என் போலி இயந்திரத்தில் இது நடந்ததே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "வேகமா வருது" என்று பாராட்டினார். அவர் காப்பி வாங்கிவர உள்ளே போன நேரத்தில்தான் டிவிக்குப் பின்னால் செருகியிருந்த தினக்காலண்டர் தாள்களைக் கண்டேன். கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பொடிப்பொடியாகப் பென்சில் எழுத்து. 25-ஆவது வரிக்குப் பின் ஓர் எழுத்து விடுபடுகிறது. அழிக்கும் சாவியை வரியின் தொடக்கத்தில் அழுத்தினால் நிரல் நிற்கிறது. அரை மணி நேரம் ஓடிச் சூடான பின் தொடர்பு அறுகிறது. வெறும் கார்டு கொடுத்த நாளின் தாளும் இருந்தது. "கோப்பு இல்லை. மூன்று முறை பார்த்தாயிற்று." என் தவறுகள் எல்லாம் தேதிவாரியாக அங்கே இருந்தன. எனக்கு மட்டும்தான் அவை சொல்லப்படவில்லை.

காப்பியோடு வந்தவர் என் கையில் தாள்களைப் பார்த்ததும் நெளிந்தார். "சும்மா பழக்கம் மாப்ள. எக்ஸ்சேஞ்சுல எழுதி எழுதி கை நிக்க மாட்டேங்குது." அங்கே பழுதை எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவர் தயங்கவே இல்லை. என்ன செய்து பார்த்தோம், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். இந்த மூன்றுதான். யார் கேபிளை வெட்டினார்கள், யார் தப்பாக இணைத்தார்கள் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் வராது. "ஆளு பேரு எழுதப்புடாது. எழுதினா சண்டைதான் வரும், லைன் சரியாவாது."

தென்காசிக்குத் திரும்பியதும் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டேன். செய்தது, நடந்தது, நடக்க வேண்டியது. ஓரத்தில் மறுசோதனைக்குக் கொஞ்சம் இடம் விட்டு, ஐம்பது நகல் எடுத்து மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். முதல் தாள் பத்தொன்பது வரிகளோடு திரும்பி வந்தது. அதிலும் ஒரு முறை வைத்திருந்தார். தாளை என் கையில் நேராகத் தர மாட்டார். நான்காக மடித்து, அத்தை கொடுத்துவிடும் காலித் தூக்குவாளியில் போட்டு, மகளிடம் கொடுப்பார். போனில் கேட்டால் அப்போதும், "ரொம்ப அருமை மாப்ள." தூக்குவாளியைத் திறந்தால் பத்தொன்பது பழுது. நான் திருத்தி அனுப்புவேன். அவர் பழைய தாளை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி பார்த்து, ஓரத்தில் "சரி" என்றோ "இன்னும் வருகிறது" என்றோ எழுதுவார். சில பழுதுகள் தானாக மறைந்துவிடும். அவற்றுக்கு அவர் "சரி" போட மாட்டார். "இப்போது வரவில்லை. கவனிக்க வேண்டும்" என்று எழுதுவார். ஏழு மாதத்தில் நான் வெளியிட்ட பதிப்பில் யாரும் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தர் என்னை மேதை என்றுகூட எழுதினார். அதை நான் மாமனாரிடம் படித்துக் காட்டவில்லை, காட்டியிருக்க வேண்டும்.

அதற்கடுத்த சீசனில் இரண்டு குடும்பமும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். சாரலும் கூட்டமும் நன்றாக இருந்தன. நான் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, புதிதாக ஒருத்தர் சொல்லியிருந்த பழுதைப் போனில் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி பெண்கள் பக்கம் போகப் புறப்பட்டவள், துணிப் பையைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னாள். காதில் விழவில்லை. இரண்டாவது தடவை சொன்னாள். "வாய மூடிக்கிட்டுப் போ" என்றேன். அருவிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டும், சுற்றி நின்ற நாலைந்து பேர் திரும்பினார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்படியே குளிக்காமல் ஓரமாக நின்றாள். மாமனார் தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். திரும்பும் வழியில் எனக்கு மங்குஸ்தான் பழம் வாங்கித் தந்தார்.

அந்த வாரக் கடைசியில் தூக்குவாளியில் வந்த தாளில் எட்டு வரிகள் இருந்தன. ஏழு வரிகள் நிறங்களையும் கர்சரையும் பற்றியவை. எட்டாவது இது.

செய்தது: ஐந்தருவியில் பையைப் பிடிக்கும்படி இரண்டு முறை கேட்கப்பட்டது. நடந்தது: வாயை மூடிக்கொண்டு போகும்படி பதில் வந்தது. முன்பு பொங்கலன்றும், ஒரு முறை கார் நிறுத்தும்போதும் வந்திருக்கிறது. நடக்க வேண்டியது: பையை வாங்கிக்கொள்வது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவர் யார் என்னைக் கணக்கெடுக்க என்று எழுந்து சட்டையை மாட்டினேன். வண்டிச் சாவியைத் தேடும்போது மறுபடி தாளைப் பார்த்தேன். மற்ற ஏழு வரிகளும் ஒரே மூச்சில் எழுதியவை. எட்டாவது வரியில் மட்டும் ரப்பரால் அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது. வெறும் கார்டை வெறும் கார்டு என்று சொல்ல முடியாத மனிதர் அவர். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் மகள் அங்கே என்ன பாடு படுவாளோ, இலஞ்சிக்கு வரவிடாமல் செய்துவிடுவானோ என்ற பயம் அந்த வீட்டில் எப்போதும் உண்டு. அந்தப் பயத்தோடுதான் இதை எழுதி, மடித்து, அவள் கையிலேயே கொடுத்துவிட்டிருக்கிறார். அவள் பிரித்துப் பார்க்கவில்லை என்பது மடிப்பிலிருந்தே தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பொங்கலன்று என்ன சொன்னேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

நான் இலஞ்சிக்குப் போகவில்லை. ஏழு பழுதையும் திருத்தி, வழக்கம்போல் கார்டைக் கொடுத்தனுப்பினேன். தாள் திரும்பி வந்தபோது ஏழுக்கும் "சரி" போட்டிருந்தார். எட்டுக்கு, "சோதிக்க வாய்ப்பில்லை." அடுத்த மாதம் அங்கே சாப்பிடப் போயிருந்தோம். அதன்பின் வந்த தாளில், "இன்னும் வருகிறது. அப்பளம் பரிமாறும்போது." அவர் சொன்னது சரிதான். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. மென்பொருளில் எழுத எதுவும் இல்லாத மாதத்திலும் அந்த ஒரு வரி மட்டும் தாளில் வந்தது. நேரில் பார்க்கும்போது நாற்காலி, காப்பி, "அருமை மாப்ள" எதுவும் மாறவில்லை. கடைசியாக வந்த தாளில் அந்த வரிக்கு எதிரே, "இப்போது வரவில்லை. கவனிக்க வேண்டும்" என்று இருந்தது. போன ஐப்பசியில் நல்ல மழை நாளில், மத்தியானத் தூக்கத்திலேயே இறந்துபோனார். எட்டாவது வரிக்கு அவர் "சரி" போடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அந்தக் கம்ப்யூட்டரைத் தென்காசிக்கு எடுத்துவந்தபோது, எல்லாத் தாள்களையும் மனைவியிடம் காட்டினேன். எட்டாவது வரியைப் படித்துவிட்டு, "அப்பாவா எழுதுனாவ?" என்று கேட்டாள். கையெழுத்து தெரிந்தும்தான் கேட்டாள். பிறகு மற்றத் தாள்களில் அந்த வரி எங்கெங்கே வருகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தேடினாள். அழுதாள். நான் அவளிடம் அன்று வரை கேட்டிராத மன்னிப்பைக் கேட்டேன்.

இப்போது நிஜ இயந்திரத்தில் நானே சோதிக்கிறேன், நானே தாளில் எழுதுகிறேன். போன வாரம் புதுப் பதிப்பு ஒன்று பாதி வழியில் நின்றுபோய், எரிச்சலில் இருந்த நேரத்தில் அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் மேலே வந்து, தாளின் கடைசியில் அதையும் எழுதினேன். செய்தது, சாப்பிடக் கூப்பிட்டது. நடந்தது, பழைய பதில் வந்தது, இந்த மாதம் ஒரு முறை. நடக்க வேண்டியது, எழுந்து போவது. எழுதிக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். அடுக்களை மேடையில் கிடந்த பேனாவை எடுத்து, "ஒரு முறை" என்பதை அடித்துவிட்டு "மூன்று முறை" என்று எழுதினாள். கீழே மூன்று தேதிகளையும் போட்டு என்னிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். தேதிகள் சரியாக இருந்தன.