நாலு கம்பியும் ஒரே அளவுல எறங்கிச்சு

இது நடந்தது சத்தியம். நம்பாதவங்க சேரப்பணஞ்சேரி பக்கம் வந்து ஜெனிஸையே கேட்டுக்கலாம். திண்டிவனத்துலருந்து பொழைக்க வந்து, ஒரகடத்துல ஒரு கம்பெனி லைன்ல நிக்கிற பையன். புளுகத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்நேரம் சூப்பர்வைசர் ஆகியிருப்பான்.

மாதா கோயில் பாட்டு ரூம்ல நாலு கம்பி பேஸ் கிடார் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. வாசிக்கத் தெரியும்னு ஜெனிஸ் போய் நின்னான், சேத்துக்கினாங்க. பாடகர் குழுவுக்குத் தலைவர் சூசைராஜ் அண்ணன். அவருக்குக் கோவம் மூக்கு மேல. குருத்தோலை ஞாயிறு பூசையில பேஸ் சுருதி எறங்கிக் கெடக்க, மொத்தப் பாட்டும் கோணிக்கிச்சு. "இன்னாடா இது? பாஸ்கா பூசையிலயும் இதே மாதிரி பண்ணே, கிடார வச்சிட்டு போய்க்கினே இரு"ன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டாரு. ஜெனிஸுக்கு மானம் போச்சு. வாரம் பூரா மெஷின் சத்தத்துல காது அடைச்சிக் கெடக்கறவனுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வாழ்க்கை. அதுவும் போயிட்டா?

ஆனா தப்பு அவன் மேல இல்ல. பேஸ்ல அடிக்கிற கைக்கு ஏத்த மாதிரி கம்பிய வைக்கணும். ஜெனிஸ் ரெண்டு விரலால மாத்தி மாத்திச் சுண்டுறவன். அவனுக்குக் கம்பி இறுக்கமா நிக்கணும். கட்டைவிரலால அடிக்கிறவங்கள்ல சில பேர் தளர்த்தி, சுருதிய எறக்கி வச்சிப்பாங்க. ஜெனிஸ் ஒழுங்காத்தான் இறுக்கி வச்சிட்டுப் போவான். மறுபடி வந்து பாத்தா நாலு கம்பியும் எறங்கியிருக்கும். வெயிலுக்கு எறங்குனா ஒண்ணு கூட, ஒண்ணு கொறைய எறங்கும். இது அப்படி இல்ல. நாலும் ஒரே அளவு. யாரோ காது குடுத்துக் கேட்டு எறக்குனது.

பெரிய வியாழன் பூசைக்கு அப்புறம் கோயில்ல எந்த வாத்தியமும் பேசக் கூடாது. மணி கூட கெடையாது, மரக்கட்டையத் தட்டுறதோட சரி. சனிக்கிழமை ராத்திரி, ஈஸ்டருக்கான பாஸ்கா பூசையில வானவர் கீதம் எடுக்குற நிமிசம்தான் மணியும் வாத்தியமும் ஒண்ணா வெடிக்கும். அந்த நிமிசம் பேஸ் சொதப்புச்சுன்னா ஜெனிஸ் கத முடிஞ்சிது.

அதனால சனிக்கிழமை மதியமே பாட்டு ரூமுக்குப் போயிட்டான். உச்சி வெயில். ஈ காக்கா இல்ல. ஸ்பீக்கர் வயரப் புடுங்கிப் போட்டான். கிடார் தலையில ட்யூனர மாட்டுனான். கம்பி அதிர்றத வச்சி, சுருதி சரியான்னு முள்ளுல காட்டுற சின்னப் பெட்டி அது. நாலு கம்பியையும் சத்தமில்லாம சேத்தான். ட்யூனர அணைச்சான். கிடார ஸ்டாண்டுல நிறுத்தி, எதிர்லயே உக்காந்துக்கினான்.

"எவன் வர்றான்னு பாத்துர்றேன்."

யாரும் வரல.

ஒண்ணு இருபது இருக்கும். அணைச்சி வச்ச ட்யூனர் எரிஞ்சிது.

பச்சை வெளக்கு. முள்ளு நடுவுல நின்னுச்சு. அப்புறம் இடப்பக்கம் சாஞ்சிது... சாஞ்சிக்கினே போச்சு...

கம்பிய முறுக்குற கீ, மெள்ள... மெள்ள... தானா சுத்துது.

தொப்...

கட்டைவிரல் அடி. ஸ்பீக்கர்லருந்து வருது. வயரு தரையில கெடக்குது.

தொப்... தொப்...

மெஷின் ஆயில் வாசம். தன் சட்டையோன்னு மோந்து பாத்தான். தொவச்ச சட்ட.

"யா... யாரு?"

சத்தம் நின்னுச்சு.

எடுத்தான் பாரு ஓட்டம்!

ராத்திரி பூசைக்குக் கூட்டத்தோட கூட்டமாத்தான் உள்ள வந்தான். கம்பிய மறுபடி இறுக்குனான். கோயில் நெறைய சனம். இங்க என்ன ஆயிடும்னு மனசத் தேத்திக்கினான். சாமியார் வானவர் கீதத்த எடுத்தாரு. மணி அடிச்சிது.

ஜெனிஸ் கம்பியில கை வச்சான்.

வலது கையில நாலு விரல் இல்ல.

கண்ணுக்குத் தெரியுது... ஆனா இல்ல. மரத்துப் போச்சு. கட்டைவிரல் மட்டும் உசுரோட.

அது தானா அடிச்சிது.

கம்பி தளர்ந்துச்சு. எறங்குன சுருதிக்கு ஈடா எடது கை தானா ரெண்டு கட்டம் தள்ளிப் புடிச்சிது. ஒரு சுரம் பெசகல. கோயிலே அதிருது. ஜெனிஸ் கண்ணுலருந்து தண்ணி கொட்டுது. அந்த அழுகை தன்னோடது இல்லன்னு இன்னிக்கும் சொல்றான்.

பாட்டு முடிஞ்சப்புறம்தான் விரலுக்கு ரத்தம் வந்துச்சு. பூசை முடிஞ்சதும் சூசைராஜ் அண்ணன் கிட்ட வந்தாரு. மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு.

"கம்பிய எறக்கி, கட்டைவிரலால அடிக்கணும்னு உனக்கு யாருடா சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே."

"உனக்கு முன்னாடி ரத்தினம்னு ஒருத்தன் வாசிச்சான். போன வருசம் தவக்காலத்துல, பிரஸ் மெஷின் வலது கையில நாலு விரல எடுத்துருச்சு. ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிக்கினு சொன்னான்... 'நாலு கம்பியையும் ஒரே அளவா எறக்கிட்டா கட்டைவிரல் ஒண்ணே போதும்ணே. வானவர் கீதத்துக்கு நான்தான்'னு."

ஜெனிஸ் கிடாரத் திரும்பிப் பாத்தான். "அப்போ... போன வருசம் அவரு வந்து இத வாசிச்சாரா?"

சூசைராஜ் அண்ணன் இல்லன்னு தலையாட்டுனாரு.

"கையில சீழ் வச்சி, பெரிய வெள்ளி அன்னிக்கே போயிட்டான்டா. அந்தக் கையோட அவன் இந்தக் கிடாரத் தொட்டதே இல்ல."