ஜான்சி வரும் வரப்பு

ஒளிச்சேர்க்கை ஒரு வரப்பு நீளம். முதல் உலகப் போருக்கான காரணங்கள், போய்த் திரும்பும் தூரம். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஓர் உப்புக் குவியலிலிருந்து அடுத்த குவியல் வரை போதும். பத்தாம் வகுப்பு ஜான்சி பாடங்களை இப்படித்தான் அளந்து வைத்திருக்கிறாள். விடிகாலையில் உப்பளத்து வரப்பில் உதடுகள் அசைய ஓடுவாள். வரப்பு முடிகிற இடத்தில் விடையும் முடிந்துவிட வேண்டும். முடியாத நாளில் என்னிடம் வந்து, "இந்தக் கேள்வி ரொம்ப நீட்டு, டீச்சர். தண்ணியில எறங்கிடுச்சு" என்று குறை சொல்வாள்.

தேர்வு அறையில் அவளைப் பார்க்க வேண்டும். பெஞ்சுக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களும் மாறி மாறித் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பாதம் நின்றால் விடை மறந்துவிட்டது என்று பொருள். கொஞ்சம் யோசிப்பாள். பிறகு வரப்பின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி தட்டத் தொடங்குவாள். போட்டி நாட்களில் ஓர் உப்புக்கல்லைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். வகுப்பில் கௌதம் அவளுக்கு வைத்த பெயரும் அதுதான். "ஏய் உப்புக்கல்லு" என்று அவன் கூப்பிட்டால், "இன்னாடா சப்புனு இருக்கிறவனே" என்பாள்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளத்தை ஒட்டிய சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. நான் அங்கே அறிவியல் எடுக்கிறேன். மைதானம் என்று ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அதில் கொக்குகள் மேயும். உடற்கல்வி ஆசிரியர் அசோகன் போன பங்குனியில் இறந்துபோனார். அவர் என் கணவர். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. அவருடைய விசில் என் கைப்பையில் இருக்கிறது, நான் ஊதுவதில்லை. பி.டி. பீரியடு வந்தால் கணக்கு ஆசிரியர் திருமுருகன் சாக்பீஸோடு வாசலில் நிற்பார். "பப்ளிக் எக்ஸாம் வருதுங்க, டீச்சர். ஓட்டமா மார்க்கு போடும்?"

ஆனாலும் ஜான்சி ஓடினாள். விசில் ஊத ஆள் இல்லை என்பதை அவள் பொருட்படுத்தவே இல்லை. அவள் ஓடும்போது தலை மட்டும் அசையாது. உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் குடிநீர்க் குடம் சுமந்து பழகிய கழுத்து அது. தலை அசையாமலிருக்க, கால்கள் மட்டும் பறக்கும்.

அவள் அம்மா தனக்கோடி முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். "பத்தாவது முடிக்கட்டும், டீச்சர். அப்பால என்னோட வந்துடட்டும். பிளஸ் ஒன்னுக்குன்னு தெனம் பஸ்ஸுல அனுப்பிட்டு நான் இங்க வவுத்துல நெருப்ப கட்டினு நிக்க முடியாது." ஒரே ஒரு வழி இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் மாவட்ட அளவில் முதலில் வந்தால் அரசு விளையாட்டு விடுதியில் இடம் கேட்கலாம். அங்கேயே தங்கி பிளஸ் ஒன் படிக்கலாம். பஸ் கிடையாது, நெருப்பும் கிடையாது. தனக்கோடி அதற்கு மட்டும் தலையாட்டினாள். "மொதல்ல வந்தா போவட்டும். ரெண்டாவதுன்னா உப்பளந்தான்."

குறுவட்டப் போட்டியில் கடைசிச் சுற்று வரை ஜான்சி முன்னால் இருந்தாள், அதுவும் வெகு தூரம் முன்னால். எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னே, பக்கத்து ஊரான அனுமந்தைப் பெண் ஒருத்தி மூச்சிரைக்கப் பின்னால் நெருங்கினாள். ஜான்சி சட்டென்று ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். அந்தப் பெண் கடந்து போன பிறகு மறுபடி ஓடினாள். இரண்டாம் இடம். முதல் இருவர் மாவட்டத்துக்குப் போகலாம் என்பதால் தப்பித்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில், கூட வந்திருந்த கௌதம் விடவில்லை. "டவுன் பஸ்ஸுக்கு ஆட்டோ வழி உட்ட மாதிரி உட்டியே! கைய காட்டி, 'போங்கக்கா'ன்னு சொல்லல, அவ்ளோதான்."

ஜான்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் ஒதுங்கினாய் என்று கேட்டேன். "பின்னாடி மூச்சு வாங்கற சத்தம் கேட்டுச்சு, டீச்சர். கூடையோட யாரோ வர்றாங்கன்னு காலு தானா ஒதுங்கிடுச்சு."

உப்பளத்தில் நடந்து பழகியவர்களுக்கு இது புரியும். வரப்பு ஓர் ஆள் அகலம். தலையில் கூடையோடு வருபவர் நிற்க முடியாது. வெறுங்கையோடு இருப்பவர்தான் ஒதுங்க வேண்டும். மூச்சிரைப்பு கேட்டால் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் எடுப்பதில்லை. பிறந்தது முதல் ஜான்சி ஒதுங்கிக்கொண்டே வந்திருக்கிறாள்.

மறு வாரம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளிப் பையில் ஐந்து பாடப் புத்தகங்களையும் திணித்து, முதுகில் இறுக்கிக்கொண்டு வரப்பில் ஏறினாள். எதிரே வெறுங்கையோடு வந்த பெண்கள் வழக்கம்போல் அவள் இறங்குவாள் என்று எதிர்பார்த்தார்கள். ஜான்சி இறங்கவில்லை. "பாரம் வருது, ஒதுங்குங்க!"

"இன்னாடி பாரம்? பொஸ்தகமா?"

"தூக்கிப் பாருக்கா, தெரியும்."

ஒருத்தி உண்மையாகவே பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யம்மாடி, ஈர உப்பாட்டம் இருக்குதுடி" என்றாளாம். அன்றிலிருந்து உப்பளத்தில் அது சட்டமாகிவிட்டது. தூரத்தில் அவள் தலை தெரிந்ததுமே, "பொஸ்தக மூட்ட வருது, எறங்குங்கடி" என்று குரல் எழும். சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். நிறை கூடையோடு வருபவருக்கு மட்டும் ஜான்சி இறங்குவாள். கூடையைவிடக் கனமான புத்தகம் இன்னும் அச்சாகவில்லை என்பது அவள் கணக்கு.

மாவட்டப் போட்டி விழுப்புரத்தில் நடந்தது. மார்க்கு பற்றிய கவலையோடு திருமுருகனும் கூட வந்தார். ஓட்டத்துக்குப் பையோடு போக முடியாது. ஆனால் ஜான்சி தோள்களை முன்னால் கொஞ்சம் வளைத்து, இல்லாத பையின் வார்களைச் சரிசெய்துகொண்டு கோட்டில் நின்றாள். கன்னத்தில் உப்புக்கல். கடைசிச் சுற்றில் அதே அனுமந்தைப் பெண் பின்னால் வந்தாள். மூச்சிரைப்பு பக்கவாட்டுப் படிக்கட்டில் நின்ற எங்களுக்கே கேட்டது. ஜான்சியின் பாதம் அரை நொடி தடுமாறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தலை அசையவில்லை. தன் கோட்டை விட்டு ஒரு விரலளவும் விலகாமல், பின்னால் வந்தவளைச் சுற்றிக்கொண்டு வரவைத்து, அவள் சுற்றி முடிப்பதற்குள் எல்லையைத் தாண்டிவிட்டாள். திருமுருகன் என் கைப்பைக்குள் கையைவிட்டு விசிலை எடுத்து ஊதினார். நடுவர் ஒருவர் ஓடிவந்து திட்டினார். திருமுருகன் காதில் அது விழவே இல்லை. திங்கட்கிழமை பி.டி. பீரியடில் அவர் வாசலுக்கே வரவில்லை. போதாததற்குத் தன் கணக்குப் பீரியடையும் விளையாட விட்டார். எங்கள் பள்ளியில் இது முதல் முறை.

"இன்னா படிச்சிக்கினு ஓடினே?" என்று கௌதம் கேட்டான்.

"மொத உலகப் போரு. முடிவுலதாண்டா கோடு வந்துச்சு."

போட்டிக்கு மறுநாள், ஞாயிறு காலையே, பதக்கத்தை அம்மாவிடம் காட்ட அவள் உப்பளத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். முதுகில் பை இல்லை. கழுத்தில் பதக்கம் மட்டும். தனக்கோடி நிறை கூடையோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். உப்புநீர் அவள் நெற்றியில் வழிந்தது. ஜான்சி பழக்கப்படி ஒரு காலைப் பாத்திக்குள் இறக்கப் போனாள்.

அதற்குள் தனக்கோடி, தலைக்கூடையை ஒரு கையால் பிடித்தபடி, கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்று, மற்றக் கையால் வரப்பைக் காட்டினாள்.